வெட்டுவதற்கு ஒரு நேர்த்தி

மதலேனாவுக்கு வாய் நீளம் என்று எங்கள் அரிப்பு ஊர் முழுக்கச் சொல்லும். நீளம்தான். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு கருவாடு விற்றுப் பிள்ளை வளர்த்தவளுக்கு வாயும் இல்லாவிட்டால் எப்படி?

அறுபதுகளில் ஒரு மாரிகாலத்தில் அவள் மகன் லோறன்ஸ் காய்ச்சலில் விழுந்தான். பிழைக்கமாட்டான் என்றே எல்லோரும் நினைத்தோம். மதலேனா கோயிலுக்குப் போய், வாளுக்குத் தலை கொடுத்த எங்கள் புனிதரின் முன்னால் நின்று சத்தமாகவே நேர்ந்தாள். "என்ர பிள்ளை எழும்பட்டும். திருநாள் கூத்தில அவன்ர கையாலயே உம்மை வெட்டுவிக்கிறன்!"

லோறன்ஸ் எழும்பிவிட்டான். ஊருக்குத்தான் காய்ச்சல் பிடித்தது. பிள்ளை பிழைத்தால், புனிதரின் கதையை ஆடும் அந்தக் கூத்தில் புனிதர் வேஷம் ஆடவைப்பதாக நேர்வார்கள். அவரைக் கொல்லுகிற அரசன் வேஷத்தை யாராவது நேர்வார்களா? அந்த வேஷத்துக்கு வெளியூரான உயிலங்குளத்திலிருந்து ஆள் பிடிப்பதே வழக்கம்.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சந்தியோகு தலையில் கை வைத்தார். "ஏன் மதலேனா, புனிதர் வேஷத்தை நேர்ந்திருக்கலாமே?"

"அதுக்கு வள்ளமும் வலையும் வச்சிருக்கிற சம்மாட்டிமாற்ற பிள்ளையள் வரிசையில நிக்கினம். கிடையாததை நேர்ந்து புனிதரை ஏமாத்தவோ?"

"ஊர்ப் பிள்ளை புனிதரை வெட்டினால் ஊருக்கெல்லோ பழி."

"உயிலங்குளத்தானுக்குப் பழி வந்தால் பறவாயில்லையோ? ஒருத்தரும் வெட்டாட்டில் உங்கட புனிதர் கிழவனாகிச் சளி பிடிச்செல்லோ சாவார்! நேர்த்தி தவறித் திரும்பக் காய்ச்சல் வந்தால் என்ர பிள்ளைக்கு ஆர் பொறுப்பு? நீங்களோ?"

அந்தக் கடைசிக் கேள்வியில் அவள் குரல் உடைந்தது. அண்ணாவியார் அரசன் வேஷத்துக்கு லோறன்ஸின் பெயரை எழுதிக்கொண்டார்.

திருநாளன்று புனிதராக ஆடியவன் சம்மாட்டி யாகப்பரின் மகன் வின்சன்ட். பாட்டுக்குப் பாட்டு அவன் கழுத்தில் மாலை விழுந்தது. அரசன் லோறன்ஸுக்கு வசவுதான். விடியும் நேரம் அவன் வாளை ஓங்கியதும் பெண்கள் மார்பில் அடித்து அழுதார்கள். "வெட்டாதையடா பாவி!" என்று ஆண்கள் கத்தினார்கள். யாரோ மண்ணள்ளி அவன் முகத்தில் எறிந்தான். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. மத்தளமும் நின்றது. ஐயோ, வெட்டாமல் இறங்கிவிடுவானோ என்று எனக்கே நெஞ்சு பதறியது.

"வெட்டடா மோனை!"

மதலேனா சனத்துக்கு நடுவே எழும்பி நின்றாள். "அவர் தன்ர பங்கைச் செய்திட்டார். நீ உன்ர பங்கைச் செய்!"

லோறன்ஸ் வெட்டினான். கூட்டம் ஐயோவென்று குழறியது. அந்தக் குழறலுக்குள்ளேயே மதலேனா மேடையில் ஏறி, மடியில் வைத்திருந்த மாலையை எடுத்து அரசன் கழுத்தில் போட்டாள். கண்ணில் மண்ணோடு நின்ற பிள்ளையின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"எடியே, புனிதர் செத்துக் கிடக்கிறார், கொலைகாரனுக்கோ மாலை?" என்று கீழேயிருந்து யாகப்பர் சத்தம் போட்டார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவருக்கு நீங்கள் எல்லாரும் இருக்கிறியள். இவனுக்கு நான்தானே."