ஆகாதவனுக்கு ஒரு பீர்

லமாரா பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் டீச்சர். ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் மாநாடு என்றால் துபாஷியும் அவள்தான். ஊரார் பேச்சையெல்லாம் தன் வாயால் பேசிப் பிழைத்தவள், தன் கோபத்தை மட்டும் விழுங்கப் பழகியிருந்தாள். அந்த வாரம் அது தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளை வைரஸை விட்டுத் தின்னவைக்கும் வைத்தியம் பற்றிய மாநாடு அது. எங்களுக்கு அது பழைய சங்கதி. குடித்தும் பூசியும் வளர்ந்தவர்கள் நாங்கள். வெளிநாட்டாருக்கு இப்போதுதான் விடிந்திருக்கிறது. முக்கிய விருந்தாளி டாக்டர் ஹோல்கர், ஜெர்மனியில் எலும்பு அறுவை நிபுணர். அவருடைய வார்டில்தான் லமாராவின் தம்பி ஜும்பேர் கிடக்கிறான். கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்தவன். எலும்பில் புகுந்த கிருமி எதற்கும் அடங்கவில்லை. திங்கட்கிழமை முழங்காலோடு வெட்டப்போகிறார்கள். அந்தக் கிருமியைத் தின்னும் வைரஸை இங்கே ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்து, குப்பியில் அடைத்து அவளிடம் கொடுத்துவிட்டார்கள். அங்கே அதைக் கொடுக்க டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும்.

"உலகத்துக்கே நம்பிக்கை உங்கள் மருந்து" என்றார் அவர் மேடையில். லமாரா அதை ஜார்ஜிய மொழியில் சொன்னாள். கைதட்டல் ஓயும் முன்பே போய் அவரை மறித்தாள்.

"நீங்க புகழ்ந்த மருந்துதான் டாக்டர் இது. என் தம்பிக்கு மட்டும் ஏன் கூடாது?"

"இன்னும் நிறைய ஆய்வு நடக்கணும்மா. என் பேர்ல ரிஸ்க் எடுக்க முடியாது."

ஊருக்குத்தான் உபதேசம்.

சாயங்கால விருந்தில் விருந்துத் தலைவர் அவ்தாந்தில் ஒயின் ஏந்தி டாக்டரை வாழ்த்தினார். கின்காலிக் கொழுக்கட்டையோடு பீர் வந்தது. லமாரா பீரைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எங்கள் ஊரில் பீரைத் தூக்கி வாழ்த்துவது ஆகாதவனை மட்டும்தான்.

"உக்காரு லமாரா. வீடு தேடி வந்த விருந்தாளி" என்று அவ்தாந்தில் பல்லைக் கடித்தார்.

"நீங்க சும்மா இருங்கண்ணா. டாக்டரோட கை நல்லா இருக்கட்டும். கையெழுத்துப் போட்டு அது தேஞ்சிடாம இருக்கட்டும். என் தம்பி கால் போனா போகட்டும்."

ஜார்ஜிய மொழி புரியாத டாக்டர் சிரித்துக்கொண்டே கோப்பையை மோதிக் குடித்தார். "என்ன சொன்னீங்க?"

"மாத்திச் சொல்லிடும்மா" என்று கெஞ்சினார் அவ்தாந்தில். லமாரா ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னாள். பீர் யாருக்கானது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

டாக்டரின் முகம் சிவந்தது. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை ஆபரேஷனை நானே பண்றேன். சுத்தமா வெட்டுவேன். சத்தியம்."

மேசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் லமாராவைப் பார்த்தார்கள். "என்னம்மா சொல்றாரு? கையெழுத்துப் போடறாராமா?" என்றார் அவ்தாந்தில்.

துபாஷி அவள்தானே. சொன்னாள்.