ஸ்கூட்டர் போச்சு, காபி வந்தது

இன்று காலை எங்கள் ஸ்கூட்டர் வீட்டை விட்டுப் போய்விட்டது!

திருட்டுப் போகவில்லை. விற்றுவிட்டோம். (அந்த ஓட்டை வண்டியை எந்தத் திருடன் தொடுவான்?)

வாங்க வந்த மெக்கானிக், வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். என் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புனேயில் இந்த வானவடிக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து, தினமும் ஆபீஸ் கிளம்பும்போது அவர் செய்த வேலை அது.

வண்டி கேட்டைத் தாண்டியதும் உள்ளே வந்து பேப்பரை விரித்துக்கொண்டார். நேற்றைய பேப்பர்.

கதை போன மாதம் ஆரம்பித்தது.

மார்க்கெட்டிலிருந்து திரும்புகிறோம். சிக்னலில் சிவப்பு. இவர் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். பின்னால் நான், வழக்கம்போல ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் தக்காளிப் பை.

வண்டி மெதுவாகச் சாய்ந்தது. சரி, நிமிர்த்திவிடுவார் என்று நினைத்தேன். அது பாட்டுக்குச் சாய்ந்துகொண்டே போனது.

நடு ரோட்டில் இவர், நான், தக்காளி!

முகம் முழுக்கத் துப்பட்டா சுற்றிய ஒரு காலேஜ் பெண், தன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். “காகா, லாகலம் கா?” அடிபட்டதா என்று மராத்தியில் கேட்கிறாள். இவர் அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

“ரோட்ல எண்ணெய் இருந்துச்சு. வழுக்கிடுச்சு.”

“எண்ணெயா? எங்கங்க?”

“இருந்துச்சுன்னா இருந்துச்சு! நீ சும்மா இரு.”

எண்ணெயும் இல்லை, மண்ணும் இல்லை. கால் தாங்கவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதே ஊரில் கராடிப் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் மகன் அன்று மாலையே வந்து குதித்தான். “அப்பா, இனிமே வண்டியத் தொட்டீங்கன்னா பாருங்க!” டாக்டர் காது, கண், சுகர் எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு மராத்திப் பெண். இந்தியில்தான் பேசினாள், நான் தமிழில் சொல்கிறேன்.

“அங்கிள், ஒத்தைக் கால்ல நில்லுங்க.”

இவருக்குச் சிரிப்பு. “இவ்வளவுதானா?”

காலைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் சுவரைப் பிடித்தார். மறுபடி தூக்கினார். மறுபடியும் சுவர். முகம் சுண்டிப்போய்விட்டது.

“ஆன்ட்டி, நீங்க?”

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்! (கொக்கு பிச்சை வாங்க வேண்டும்!)

“யோகா பண்றீங்களா?”

“எங்கம்மா நேரம்? வீட்டு வேலை பண்றேன்.”

“அங்கிள் வீட்டுல என்ன வேலை பண்ணுவார்?”

நான் பெருமையாகச் சொன்னேன். “ஒண்ணும் பண்ண விடமாட்டேன்!”

உண்மைதான். காபி கைக்கு வரும். தட்டு மேசைக்கு வரும். பேன்ட் போட்டுக்கொள்ளக் கட்டில், சாக்ஸ் போட ஸ்டூல். கீழே விழுந்த பேனாவைக்கூட நான்தான் குனிந்து எடுப்பேன். ஆபீசிலும் நாள் முழுக்க நாற்காலி. புருஷன் தானே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தால் எனக்கு அவமானம் என்றுதான் என்னை வளர்த்திருந்தார்கள்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

“ஆன்ட்டி, குனியறது, எட்டி எடுக்கறது, கையில சாமானோட திரும்பறது, இதெல்லாம்தான் உடம்புக்கு பேலன்ஸ் கத்துக்கொடுக்குது. கோலம் போடறப்ப, துணி உலர்த்தறப்ப உங்களுக்கு தினமும் பயிற்சி நடக்குது. அங்கிளோட பங்கையும் சேர்த்து நீங்களே பண்ணிட்டீங்க.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாசம் என்று நினைத்துத்தானே செய்தேன்!

“இப்போதைக்கு ஸ்கூட்டர் வேண்டாம். பாத்ரூம்ல விழாம இருக்கறதுதான் முக்கியம். கிச்சன் மேடையைப் பிடிச்சுக்கிட்டு தினமும் ஒத்தைக் கால்ல நிக்கட்டும். வீட்டுக்குள்ள அவர் வேலையை அவரே செய்யட்டும்.”

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். “தண்ணி கொண்டா.”

பழக்கதோஷம், பாதி எழுந்துவிட்டேன். மனசைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். “நீங்களே எடுத்துக்கங்க.”

பார்த்தார் ஒரு பார்வை! ஆனால் மறுநாள் காலை கிச்சன் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். அதற்கடுத்த நாளும் நின்றார். வண்டியை விற்றுவிடலாம் என்று அவரேதான் மகனிடம் சொன்னார்.

இன்று சாயங்காலம் நான் ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கிச்சனில் பாத்திரச் சத்தம். போய்ப் பார்க்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டேன்.

கையில் டபரா செட்டோடு மெதுவாக வந்தார். கண்ணெல்லாம் டம்ளர் மேலேயே. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என் கைக்கு வந்த முதல் காபி! கால்வாசி டபராவில், கால்வாசி தரையில்.

“கொஞ்சம் சிந்திடுச்சு.”

“ரோட்ல எண்ணெய் இருந்துச்சோ?” என்றேன்.

சிரித்துவிட்டார். வண்டி போனதிலிருந்து இப்போதுதான் சிரித்தார்.

‘நீங்க உக்காருங்க, நான் துடைக்கிறேன்’ என்பது வாய்வரை வந்துவிட்டது. முழுங்கிவிட்டுத் துணியை அவர் கையில் கொடுத்தேன். சோபாவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து துடைத்தார்.

காபியில் சர்க்கரை இல்லை. சொட்டு விடாமல் குடித்தேன்.

தோழிகளே, உங்கள் வீட்டில் காபி யார் கையால் வருகிறது?

நான் தினம் ஒரு வாய் காபி கேட்டிருந்தால், இன்று காலை அந்த வண்டியைச் சாய்த்து நிமிர்த்தியவர் என் வீட்டுக்காரராக இருந்திருப்பார். கேட்கத் தோன்றவே இல்லையே எனக்கு!