பெலிக்ஸ் என்று ஒரு பெயர்

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து நான் உண்டாகியிருந்தேன். ஆண் குழந்தை என்றால் பெலிக்ஸ் என்று வைக்க நானும் கணவரும் முடிவு செய்தோம். போனில் அர்த்தம் தேடினேன். லத்தீன் பெயர். மகிழ்ச்சியானவன், பாக்கியம் பெற்றவன் என்று பொருள். ஆனால் முதன்முதலில் அந்தச் சொல் குறித்தது நன்றாகக் காய்க்கும் மரத்தையாம். கணவருக்கு உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரம்.

"அப்படின்னா நம்ம தென்னைகூட பெலிக்ஸுதான்" என்று சிரித்தார்.

குழந்தை தங்கவில்லை. இனி வாய்ப்பும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த என் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதேன். வேறு யாரிடமும் சொல்லாத அந்தப் பெயரை அவளிடம் சொன்னேன்.

"வெளிய சொல்லிப்போடாத கண்ணு. அவனோடயே போகட்டும்."

தலையாட்டினாள்.

பிறகு அவளுக்கு மகன் பிறந்தான். ஞானஸ்நானத்துக்கு என்னையே ஞானத்தாயாக நிற்கச் சொன்னாள். அத்தனை சந்தோஷம் எனக்கு. பெயர் என்ன என்று கேட்டால், "கோயில்ல தெரிஞ்சுக்கக்கா" என்பாள்.

போத்தனூர் கோயிலில், நான் வாங்கிக்கொடுத்த வெள்ளை கவுனோடு குழந்தை என் கையில் இருந்தான். சாமியார் பெயர் கேட்டார். தங்கை என் முகத்தைப் பார்க்காமல், "பெலிக்ஸ்" என்றாள்.

கேட்ட கேள்விக்கெல்லாம் "விசுவசிக்கிறேன்" என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சொன்னேன். தண்ணீர் ஊற்றினார்கள். வீறிட்ட குழந்தையின் தலையைத் துவட்டினேன்.

விருந்து நடந்த மண்டபத்தில் அவளைத் தனியே இழுத்துப்போனேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிப்போடுவ."

"அது தெரிஞ்சுமா வெச்ச?"

"நல்ல பேருக்கா. உனக்குத்தான் இனிமே…"

பாதியில் நிறுத்திக்கொண்டாள். சாப்பிடாமலே நானும் கணவரும் பஸ் ஏறினோம்.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். லீவு விட்டால் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறான். 'பெரியம்மா' என்று காலைக் கட்டிக்கொள்கிறான். தங்கம் போன்ற பிள்ளை. அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவனைப் பெயர் சொல்லி அழைக்க இதுவரை வாய் வந்ததில்லை.

போன தடவை தங்கை கேட்டேவிட்டாள். "அவனப் பேரச் சொல்லித்தான் கூப்பிடேன்க்கா."

"காப்பி ஆறுது, குடி" என்றேன்.

அவளோடு இப்போது மழை, காய்ச்சல், தேங்காய் விலை பற்றியெல்லாம் பேசுகிறேன். மனதில் இருப்பதை மட்டும் சொல்வதில்லை.