சமயபுரத்தாளும் எங்கள் சிலிண்டரும்

அந்த வருஷம் மாசிக் கடைசியில் எங்கள் வீட்டில் திடீரென்று பக்தி முற்றியது. துவாக்குடியில் அப்பா வேலை பார்த்த வெல்டிங் பட்டறையை மூடி ஒரு மாதமாகியிருந்தது. தினமும் சைக்கிளில் வேலை தேடிப் போய், வெயிலில் கறுத்துத் திரும்புவார். ஒரு சாயங்காலம் அம்மா அடுப்புப் பக்கமே போகவில்லை.

“சமயபுரத்தம்மன் ஊரு உலகம் நல்லா இருக்கணும்னு இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி கெடக்குறா. சமைச்சது எதையும் தொட மாட்டா. இந்த வருஷம் நாமளும் அவகூட இருப்போம்” என்றாள்.

ராத்திரிக்குப் பச்சரிசி மாவில் வெல்லம் பிசைந்த துள்ளுமாவும் நீர்மோரும்தான். மூன்றாம் வகுப்பு படித்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடச் சத்துணவுக்கு மட்டும் அம்மன் விலக்குக் கொடுத்திருப்பதாக அம்மா சொன்னது இன்னும் வசதியாகப் போயிற்று.

முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு தூக்கு நிறைய சாம்பார் சாதம் கொண்டு வந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அம்மா கையை நீட்டுவதற்குள் நான் குறுக்கே புகுந்தேன்.

“நாங்க விரதம். சமைச்சது சாப்பிட மாட்டோம், எடுத்துட்டுப் போங்க!”

அம்மாவின் கை தானாக இறங்கியது. ஆன்ட்டி என் தலைக்கு மேலாக எங்கள் அடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூக்கோடு திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஊறவைத்த பாசிப்பயறுமாக வந்து நின்றார். “எங்களுக்கும் தவக்காலம்தாங்க. தனியா விரதம் இருக்க முடியல. சேர்ந்தே இருப்போமே” என்றார். அன்றிலிருந்து தினமும் பழத்தோடு வந்து எங்களுடன் உட்கார்ந்து சாப்பிட்டார். பங்குனி வந்தால் எல்லாச் சாமிகளும் பட்டினிதான் என்று வகுப்பில் நான் அறிவித்துவிட்டேன்.

அப்புறம் ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மெண்டுக்கு கேட் செய்யும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. முதல் கூலி வந்த கையோடு, விரதத்தின் இருபத்து மூன்றாம் நாள், கேஸ் சிலிண்டர் வந்து இறங்கியது. கொண்டு வந்தவர் எங்கள் பழைய சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கிப் போனார். தோசை, தோசை என்று நான் குதித்தேன். அம்மா அடுப்பைத் துடைத்துக் குங்குமம் வைத்தாள். பற்றவைக்கவில்லை.

“இன்னும் அஞ்சு நாள் இருக்குடி. இத்தன நாள் அவதான் நமக்குத் துணையா இருந்தா. கேஸ் வந்துருச்சுன்னு அவள மட்டும் பட்டினியா விட்டுட்டு வர முடியுமா?”

இப்படி ஒரு கல்நெஞ்சக்காரி உண்டா என்று அழுதேன். இன்றைக்கு நினைத்தால் அவளைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆன்ட்டி அன்றும் பழத்தோடு வந்தார். புது சிலிண்டரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது.

எங்கள் பட்டினி முடிந்து, அம்மாவின் விரதம் அன்றுதான் தொடங்கியது என்பது, துள்ளுமாவைத் தள்ளிவைத்துவிட்டு மூலையில் தேம்பிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.