கண்ணாடியில் தெரிந்த பை

ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் பாறையில் வழுக்கி விழுந்து என் வீட்டுக்காரருக்கு முதுகெலும்பு முறிந்து மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து கட்டில்தான். மூத்திரம் தானாகப் போகாது. உள்ளே ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு பை. கட்டிலின் கீழ்ச்சட்டத்தில் தொங்கும்.

எங்களுக்கு இருப்பது ஒரே அறை. கட்டிலுக்கு எதிரே எங்கள் சாமி அய்யாவுக்கு விளக்கேற்றும் இடம். விளக்குக்குப் பின்னால் கண்ணாடி வைத்துத்தான் நாங்கள் கும்பிடுவது. நடுப்பகலில் உச்சிப்படிப்பு படிக்க உட்கார்ந்தால் அந்தக் கண்ணாடியில் பை மஞ்சளாகத் தெரியும். மனது கேட்கவில்லை. படித்து முடியும் மட்டும் பையைத் தூக்கி அவர் வயிற்றின் மேல் வைத்துப் போர்வையால் மூடிவிடுவேன்.

அடிக்கடி மூத்திரம் கலங்கிக் காய்ச்சல் வந்தது. குளிரில் கட்டிலே ஆடும். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவேன். காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பேன்.

போன மாதம் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் குழாயை மாற்றி, மூத்திரத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் டாக்டரம்மா காகிதத்தோடு வந்தார். அதிலிருந்த மருந்துகளில் ஒரே ஒரு ஊசிதான் இந்தக் கிருமிக்குக் கேட்குமாம்.

"பைய எப்பமாவது மேல தூக்கி வச்சியளா?"

உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பையில உள்ளது திரும்ப உள்ள போயிரும்லாம்மா. கிருமி குழாய்க்குள்ள வழுவழுன்னு பாலாடை மாதிரி கட்டி, அதுக்க அடியில இருந்துக்கிடும். மருந்து சரியா ஏறாது. தப்பிச்ச கிருமி மருந்தப் பழகிக்கிடும்."

படுத்திருந்தவர் கண் திறக்காமலே சொன்னார்: "ரப்பர் சிரட்டையில ஒட்டுப்பால் காஞ்சு பிடிக்கும்லா, அதுபோலட்டி. தண்ணி ஊத்துனா போவுமா?"

"அப்பம் குழாய எடுத்திரலாமே?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"எடுத்தா மூத்திரம் கட்டி கிட்னி போயிரும். நேரத்துக்கு நேரம் குழாய் விட்டு எடுக்கலாம்னா, இவருக்கு மூத்திர வழி சுருங்கிக் கிடக்கு, அடிக்கடி விட முடியாது."

"அடுத்தால இந்த ஊசியும் கேக்கலன்னா?"

"வராமப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஊசி முடிந்து, காய்ச்சல் விட்டு, வீட்டுக்கு வந்தோம். மறுநாள் உச்சிக்கு விளக்கேற்றினேன். கண்ணாடியில் பை. என் கை தானாகப் போயிற்று.

"ஏட்டி, தொடாத. அய்யா பாக்காத மூத்திரமா? நீ படி."

படித்தேன். வாய்தான் படித்தது. பைக்குள் கலங்கல் தெரிகிறதா என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.