வெந்தயத் தண்ணீருக்கு அடங்காத சூடு

ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் மேல் ஒரு வாசனை இருக்கும்... சால்டரிங் புகையும், தொப்பிக்குள் ஊறிய வியர்வையும் கலந்த வாசனை. வேலை நடக்கும் லைனில் பூ வைக்கக் கூடாது. அதனால் மல்லிகையை டிபன் பையிலேயே வைத்திருந்து, கம்பெனி பஸ் ஏறும்போதுதான் தலையில் வைப்பார்கள்.

ஒரகடத்தில் சார்ஜர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் முதலுதவி அறை நர்ஸாக நான் சேர்ந்த புதிது அது.

ட்ரெயினிகள் எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. தலைவலி, கால்வலி என்று வருவார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்விட்டு, திரும்பி வந்து மெதுவாக ஒன்று சொல்வார்கள்: "சூடு, சிஸ்டர்."

அரிப்பு, எரிச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்... எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பேர்தான். நின்றுகொண்டே வேலை செய்வதால் வருகிற சூடாம். ஒருத்திக்குச் சொன்ன வைத்தியத்தை லைனே செய்தது. வாட்டர் பாட்டிலைத் திறந்தால் வெந்தயம் மிதக்கும். இவர்களே குடித்துத் தீர்ப்பதில் கேன்டீனில் மோர் நமக்குக் கிடைக்காது.

பால்வினை நோய் பற்றி ஒரு வகுப்பு எடுக்கிறேன் என்று ஹெச்.ஆரிடம் கேட்டேன். அவர் தலைப்பை 'பெண்கள் நலம்' என்று மாற்றிவிட்டு, கையெழுத்துப் போட்டார். ட்ரெயினிங் ரூமில் ஏசி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவரை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தேன்.

'பால்வினை' என்றதும் அத்தனை தலையும் குனிந்தது. 'ஆணுறை' என்றேன். ஒருத்தி துப்பட்டாவை வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கினாள். முன் வரிசையில் ஒருத்தி மட்டும் வாய் திறந்தாள்.

"அதெல்லாம் எங்களுக்கு வராது சிஸ்டர். நாங்க நல்ல குடும்பம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு நன்றாக வரும்.

டெஸ்டிங்கில் உட்காருகிறவர்கள் யார் என்று கேட்டேன். சிலர் கை தூக்கினார்கள். பார்க்க நன்றாக இருக்கும் சர்க்யூட் போர்டையும் ஏன் டெஸ்டில் போடுகிறீர்கள்? கண்ணுக்குத் தெரியாத ஃபால்ட் இருக்கும் என்றார்கள். ஃபெயில் ஆனால் அந்த போர்டைத் திட்டுவீர்களா? இல்லை, ரிப்பேர் டேபிளுக்கு அனுப்புவோம் என்றார்கள். அப்புறம் உடம்புக்கு மட்டும் ஏன் வேறு சட்டம் என்றேன்.

தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

அதன் பிறகு தடையில்லாமல் போனது. வெள்ளைப்படுவதெல்லாம் நோய் இல்லை, ஆனால் நாற்றமும் எரிச்சலும் சேர்ந்தால் காட்டியே ஆக வேண்டும். ஒரு அறிகுறியும் இல்லாமலும் தொற்று இருக்கலாம். குடும்பம் பார்த்து அது வருவதில்லை. ஆணுறை ஒவ்வொரு முறையும் வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லலாம், கட்டிய புருஷனிடமும் சொல்லலாம். பல தொற்றுகள் மாத்திரையிலேயே குணமாகும். எச்.ஐ.வி. வந்தாலும் மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் டெஸ்ட் இலவசம், பேர் வெளியே போகாது... எல்லாம் சொன்னேன்.

மறுநாள் கோமதி வந்தாள். வாலாஜாபாத் பக்கத்துப் பெண். தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அதிலிருந்து அவளுக்கும் 'சூடு'. வலி அடிவயிற்றுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனது தெரிந்தால், மாமியார் பழியைத் தன் மேல் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று அழுதாள். இப்படியே விட்டால் பின்னால் குழந்தை உண்டாவதே சிக்கலாகலாம் என்று நான் மறைக்காமல் சொன்னேன்.

வார லீவு அன்று நானே கூட்டிப்போனேன். டாக்டர் தொற்று என்றார். மாத்திரை கொடுத்தார். புருஷனும் வந்து காட்டி மாத்திரை சாப்பிட வேண்டும், குணமாகும் வரை சேரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

புருஷன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். தான் நன்றாகத்தான் இருப்பதாகவும், தனக்கு எதற்கு மாத்திரை என்றும் கேட்டாராம். என்ன பதில் சொன்னாள் என்று அவளே வந்து சொன்னாள்.

"மெஷின் பழுதா கீறப்ப போர்ட மட்டும் ரிப்பேர் பண்ணி இன்னா பிரயோஜனம்? திரும்ப மாட்னா திரும்ப ஃபெயில்தான் ஆவும். நீ வர்லன்னா நான் தனியாவே படுத்துக்கறேன்னு சொல்ட்டேன் சிஸ்டர்."

நான் வகுப்பில் இதைச் சொல்லவே இல்லை. அவளாக யோசித்தது.

அவர் வந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். டாக்டர் எதிரில் போய்த்தான் முகத்தைக் காட்டினார். ஆனால் வந்தார் பாருங்கள், அதுதான் பெரிசு. இரண்டு பேருமே மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டார்கள். மற்ற டெஸ்டுகளிலும் ஒன்றும் இல்லை.

இன்றைக்குக் கோமதி லைன் லீடர். இரண்டு பிள்ளைகள். வகுப்புக்கு இப்போது ட்ரெயினி பையன்களும் பெண்களும் ஒரே ரூமில் சேர்ந்து உட்காருகிறார்கள். நோட்டீஸ் போர்டில் தலைப்பு 'பால்வினை நோய்' என்றே இருக்கிறது. போன மாத வகுப்பில், இதெல்லாம் யாருக்கோ வருவது என்று ஒரு பையன் சொல்ல, கோமதி எழுந்தாள்.

"எனக்கு வந்துச்சிப்பா. நானும் எங்க வூட்டுக்காரரும் மாத்திர சாப்ட்டோம், சரியாப் பூடுச்சி. இதுல இன்னா கீது?"

யாரும் சிரிக்கவில்லை. லீவு போடாமல் டெஸ்டுக்குப் போக முடியுமா என்று ஒரு பெண் கேட்டாள். கோமதியே பதில் சொன்னாள். எனக்கு அங்கே வேலையே இல்லை. பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்... அவ்வளவு பெருமை எனக்கு. இவள் நம்ம வகுப்பில் உட்கார்ந்த பெண் என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

கோமதி என்பது அவளுடைய நிஜப் பேர் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது சிஸ்டர். என் பேரையே போடு. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

பேரை மாற்றியது நான்தான். அவளுக்கு வந்த தைரியம் எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.