ஹனீஃபாவுக்குத் தெரிந்தவர்கள்

அடையாற்றங்கரை பங்களா ஒன்றில் பதினோரு வருஷம் கார் ஓட்டிய ஹனீஃபாவுக்கு, 1931ஆம் வருஷம் வேலை போயிற்று. எஜமானரான ஜமீன்தாருக்கு வரும்படி சுருங்கிவிட்டது. பங்களாவைப் பூட்டிக்கொண்டு ஊரோடு போய்விட்டார். காரை வாங்கியவரிடம் ஏற்கெனவே ஒரு டிரைவர் இருந்தான்.

ஹனீஃபா முதலில் கலங்கவில்லை. நல்ல கைக்காரன்; வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. மீர்சாகிப்பேட்டை வீட்டிலிருந்து தினமும் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஆழ்வார்பேட்டையிலும் தேனாம்பேட்டையிலும் பங்களா பங்களாவாக ஏறி இறங்கினான். எல்லா வாசலிலும் காவல்காரர்கள் ஒன்றையே கேட்டார்கள்: "யாரு அனுப்பினாங்க?" யாரும் அனுப்பவில்லை. அதனால் கேட் திறக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சோறு போட்டபடியே அவன் மனைவி அஃப்சருன்னிசா கேட்டாள்: "இத்தினி வருஷம் வண்டி ஓட்டினீங்களே, மத்த டிரைவருங்க யாரையாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

"மூஞ்சி தெரியும்."

"மூஞ்சி தெரிஞ்சு இன்னா செய்யறது? பேசினா தானே?"

அவன் பேசியதில்லை. மயிலாப்பூரில் கச்சேரி மண்டபத்துக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம் ஒன்று உண்டு. எஜமானர்கள் உள்ளே பாட்டுக் கேட்க, டிரைவர்கள் அதன் நிழலில் பீடி பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். ஹனீஃபா மட்டும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பான். அவர்கள் தனக்கு 'நவாபு' என்று பேர் வைத்திருந்ததும் அவனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அந்த மரத்தடிக்கு நடந்தே போனான். வக்கீல் வீட்டு டிரைவர் வடிவேலு, பெரிய குரல்காரன், தூரத்திலேயே பார்த்துவிட்டான்.

"அடடே, நவாபு! இன்னா நடந்து வர்றே? வண்டி எங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹனீஃபாவுக்குக் காது சுட்டது. ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தான்.

"வண்டி போயிடுச்சு வடிவேலு. வேலையும் போச்சு. எங்கியாச்சும் ஆள் வோணும்னா சொல்லு."

வடிவேலுவின் சிரிப்பு நின்றது. "என் பேரு தெரியுமா உனக்கு?" என்றான் ஆச்சரியமாக. துண்டால் மரத்து வேரைத் தட்டிவிட்டு, "குந்து பாய்" என்றான்.

அதற்குப் பிறகு ஹனீஃபா தினமும் அங்கே போனான். யாருக்கு உடம்பு சரியில்லையோ அவனுக்குப் பதிலாக ஓட்டினான். வடிவேலு மலேரியாவில் படுத்தபோது வக்கீல் வீட்டுக் கார் ஹனீஃபாவின் கையில்தான் இருந்தது. அடுப்பு அணையாமல் நாள் ஓடியது. டயர் கடைக்காரர், பெட்ரோல் போடுகிறவர், பங்களாச் சமையற்காரர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று பேசப் பழகினான். பேச்சு அவனுக்கு அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. பதினோரு வருஷம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று அவனே வியந்தான்.

ஒருநாள் டயர் கடையில் சேதி கிடைத்தது. தேனாம்பேட்டை இரும்பு வியாபாரி ஒருவருக்கு டிரைவர் வேண்டும், ஆனால் வீட்டோடு தங்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஹனீஃபா எங்கே தங்குவது? மரத்தடியில் துரைராஜ் என்றொருவன் உண்டு. பஸ் கம்பெனி ஆட்குறைப்பில் வேலை போனவன், தனிக்கட்டை. ஹனீஃபா அவனைத் தேடிப் பிடித்து, தானே கூட்டிக்கொண்டு போய் வியாபாரியிடம் விட்டான்.

"ஊருக்கெல்லாம் வேலை பார்த்துக் குடுங்க" என்று அஃப்சருன்னிசா நொடித்தாள். ஆனால் அவளுக்குக் கோபமில்லை. புருஷன் வீட்டுக்கு வந்து சிரித்துப் பேசுகிறானே, அதுவே அவளுக்குப் புதுசு.

நாலைந்து மாதம் கழித்து துரைராஜ் மரத்தடியில் ஒரு வேடிக்கை சொன்னான். அவன் எஜமானியம்மாள் வைத்தியத்துக்குப் போகிற தியாகராய நகர் லேடி டாக்டர், கோமளவல்லி என்று பேர், ஓர் ஆஸ்டின் வாங்கியிருக்கிறாராம். டிரைவர் வேண்டாமாம், தானே ஓட்டப் போகிறாராம்! கற்றுக்கொடுக்க ஆள் தேடுகிறாராம்.

"பொம்பளை வண்டி ஓட்டினா நம்ம கதி இன்னா ஆவுறது?" என்று வடிவேலு தொடையைத் தட்டிச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். ஹனீஃபா மட்டும், "வீடு எங்க?" என்று கேட்டான்.

மறுநாள் காலையில் போனபோது டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "எல்லாரும் நீங்க ஏன் ஓட்டணும்னு கேட்டுட்டுப் போயிட்டா. நீரும் கேக்கப் போறீரா?"

"இல்லீங்கம்மா."

"நானே சொல்லிடறேன். டிரைவர் வர்ற வரைக்கும் பிரசவ வலி காத்துண்டு இருக்குமா?"

தியாகராய நகரில் அப்போது பாதி மனைகள் காலி. அகலமான தெருக்களில் காலைவேளையில் ஆளே இருக்காது. முதல் நாளே டாக்டரம்மா யாரோ கட்டிக்கொண்டிருந்த வீட்டு மணற்குவியலில் ஏற்றி நிறுத்தினார். ஹனீஃபா இறங்கிப் பார்த்து, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க. மணலுக்குத்தான் அடி" என்றான். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார்.

லைசென்ஸ் கிடைத்த பிறகும் அவனை அவர் விடவில்லை. வண்டியைப் பார்த்துக்கொள்ளவும், களைத்த நாளில் ஓட்டவும் அவனை மாதச் சம்பளத்துக்கே வைத்துக்கொண்டார். டாக்டரம்மா கார் ஓட்டுவதைப் பார்த்து ஒரு ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் கற்றுக்கொள்ள வந்தார். பிறகு ஒரு நீதிபதியின் மகள். கற்றுக்கொடுக்க யார் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பேரைச் சொன்னார்கள்.

அப்புறம் ஒருநாள் வடிவேலு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "எங்க வக்கீலம்மாவும் கத்துக்கணுமாம். என் சோத்துல மண்ணு போட்டுடாதே பாய்."

"ஓட்டக் கத்துக்கினா தனக்குன்னு ஒரு வண்டி கேப்பாங்க, நைனா. ரெண்டு வண்டியை அவங்களா கழுவிக்கினு நிப்பாங்க?"

வடிவேலு அரை மனசாகத் தலையாட்டினான். அவன் அதை நம்பியது வருஷம் திரும்பித்தான். வக்கீல் வீட்டுக் கொட்டகையில் இரண்டாவது கார் வந்து நின்ற அன்று, அதைத் துடைக்க இன்னோர் ஆள் தேடி அவனே மரத்தடிக்கு வந்தான்.